காலைல டேப்புல வர்ற முதல் தண்ணில ஈயம்: திற்பரப்பு பக்கம் ஒரு கிணத்து வீட்ட வச்சு ஒரு நிகழ்வு ஆய்வு

திற்பரப்புல இருந்து குலசேகரம் போற வழில உள்ள ஒரு வீடு, சுத்தி ரப்பர் விளை, வீட்டுக்கு பின்னால செம்பாறை வெட்டி எடுத்த பழைய கிணறு. வீட்ல ரெண்டு வயசுல ஒரு பொண்ணு. ரத்தசோகைன்னு இரும்பு சிரப் குடுத்துட்டு இருந்தாங்க, சரியா ஏறல, டாக்டர் சந்தேகப்பட்டு ரத்தத்துல ஈயம் எவ்வளவுன்னு பாக்க சொன்னார், டெசிலிட்டருக்கு 11 மைக்ரோகிராம்னு வந்துச்சு. ஈயத்துக்கு இதுவரைக்கும் பாதுகாப்பான அளவுன்னு ஒண்ணு கிடையாது, உலக சுகாதார நிறுவனம் 2021ல குடுத்த வழிகாட்டுதல் என்ன சொல்லுதுன்னா 5 வந்தாலே எங்க இருந்து வருதுன்னு தேடி அத நிறுத்தணும். இரும்பு கொறஞ்ச ஒடம்பு ஈயத்த இன்னும் ஜாஸ்தியா உறிஞ்சும், அதனால இது ரெண்டும் ஒரே கொழந்தைகிட்ட சேந்து வர்றது டாக்டர்களுக்கு பழக்கமான விஷயம்தான்.

ஊர்ல எல்லாருக்கும் பதில் ரெடியா இருந்துச்சு. வீட்டுக்கு மேல்பக்கம் கொஞ்ச தூரத்துல முன்னாடி ஈயத் தகடு உள்ள பழைய பேட்டரிய ஒடைக்கிற ஒரு பட்டறை இருந்துச்சு, மூடி ரொம்ப நாளாச்சு, ஆனா மண்ணு அங்கதான கெடக்கு. கிணத்து தண்ணிய வாளில கோரி பாட்டில்ல புடிச்சு லேப்புக்கு அனுப்புனாங்க, ஈயம் இல்லன்னு ரிப்போர்ட் வந்துச்சு. உடனே காசு குடுத்து மாத்திட்டாங்கன்னு பேச்சு. இந்த நேரத்துலதான் அந்த பொண்ணோட அப்பா எங்கள கூப்பிட்டார், நாங்க நாகர்கோவில் பக்கம் ஒரு காலேஜ்ல மின்வேதி சென்சார் வச்சு தண்ணில ஈயம் மாதிரி கன உலோகம் இருக்கான்னு பாக்குற வேலை பண்றோம்.

லேப் ரிப்போர்ட் சரிதான், அத மொதல்லயே சொல்லிடறேன். கிணத்துல ஈயம் இருக்கான்னு கேட்டா இல்லன்னு சொல்லிருக்கு, அவ்வளவுதான். ஆனா அந்த பிள்ளை கிணத்துல வாய் வச்சு குடிக்கல.

சென்சார் எதுக்குன்னு கேட்டா, துல்லியத்துக்காக இல்ல, துல்லியத்துல பெரிய லேப்புல உள்ள கிராஃபைட் ஃபர்னஸ் ஏஏஎஸ், ஐசிபி-எம்எஸ்ங்கற கருவிங்க ரொம்ப மேல நிக்கும். ஆனா அதுக்கு ஒவ்வொரு பாட்டிலுக்கும் காசு, அனுப்பணும், காத்திருக்கணும், அதனால ஜனங்க ஒரே ஒரு பாட்டில் அனுப்பி ஒரே ஒரு நம்பர வாங்கிட்டு வந்து அத வச்சு சண்ட போடுறாங்க. எங்க கைல இருக்குறது செல்போன் சைஸ்ல ஒரு பொட்டென்ஷியோஸ்டாட் (வோல்டேஜ் குடுத்து கரண்ட அளக்குற கருவி), அதுல சொருகுற ஒரு பிளாஸ்டிக் பட்டை, ஒரு பீக்கர். ஒரு சாம்பிள் பாக்க சில நிமிஷம். அந்த வீட்டு திண்ணைல ஒக்காந்து காலைல ஆறு மணிக்கு வந்த தண்ணியும் ஆறு அஞ்சுக்கு வந்த தண்ணியும் தனித்தனியா பாக்கலாம், அதுதான் இதுல உள்ள பெரிய விஷயம்.

இது வேலை செய்ற விதம் இப்படி. பட்டைல மூணு எலக்ட்ரோடு அச்சடிச்சிருக்கும், நடுவுல கார்பன், பக்கத்துல இன்னொரு கார்பன், அப்புறம் வெள்ளி-வெள்ளிகுளோரைடு ரெஃபரன்ஸ், வோல்டேஜ இத வச்சுதான் அளக்கணும். தண்ணில அசிட்டேட் பஃபர்ங்கற கரைசல சேத்து அமில அளவான பிஎச்ச 4.5க்கு கொண்டு வந்து, பிஸ்மத்ங்கற உலோகத்தோட உப்பும் கொஞ்சம் போட்டு, நடு எலக்ட்ரோடுக்கு மைனஸ் வோல்டேஜ் குடுத்து கலக்கிகிட்டே ரெண்டு மூணு நிமிஷம் விடணும். தண்ணில கரைஞ்சு கெடக்குற ஈயம் பிஸ்மத்தோட சேந்து அந்த கார்பன் மேல உலோகமா படியும். அப்புறம் கலக்குறத நிறுத்தி, வோல்டேஜ மெதுவா பிளஸ் பக்கம் ஏத்திட்டு வந்தா ஒவ்வொரு உலோகமும் தனக்குன்னு உள்ள வோல்டேஜ் வரும்போது மறுபடி கரையும், கரையும்போது ஒரு கரண்ட் குதிக்கும், ஸ்கிரீன்ல ஒரு மேடு மாதிரி வரும். கேட்மியம்ங்கற இன்னொரு விஷ உலோகம் மைனஸ் 0.8 வோல்ட் பக்கம், ஈயம் மைனஸ் 0.55 வோல்ட் பக்கம். எந்த எடத்துல மேடுங்கறது என்ன உலோகம்னு சொல்லும், எவ்வளவு ஒசரம்ங்கறது எவ்வளவு இருக்குன்னு சொல்லும். உண்டியல்ல சில்லறைய சேத்து வச்சு ஒரே நேரத்துல கொட்டி எண்ணுற மாதிரிதான், அதனாலதான் லிட்டருக்கு ஒண்ணு ரெண்டு மைக்ரோகிராம் கூட கண்ணுல படுது. இத அனோடிக் ஸ்டிரிப்பிங்னு சொல்வாங்க. இதோட மூத்த முறை போலரோகிராஃபி, 1922ல செக் விஞ்ஞானி ஹெய்ரோவ்ஸ்கி ஆரம்பிச்சது, அவருக்கு 1959ல நோபல் குடுத்தாங்க, அப்போ எல்லாம் பாதரச துளிதான் எலக்ட்ரோடு. தண்ணில விஷம் இருக்கான்னு பாக்க பாதரசத்த தூக்கிட்டு போறது என்னவோ மாதிரி இருந்துச்சு, 2000ல ஜோசப் வாங் குழு பிஸ்மத் படலம் வச்சு அதே வேலைய பண்ணி காட்டுன பிறகுதான் இத ஒரு வீட்டு திண்ணைக்கு தைரியமா எடுத்துட்டு போக முடிஞ்சது.

இப்போ நம்ம மாவட்டத்துக்குன்னே உள்ள ஒரு சிக்கல். பட்டைல இருக்குற அந்த வெள்ளிகுளோரைடு ரெஃபரன்ஸ் தண்ணில எவ்வளவு குளோரைடு இருக்குங்கறத பொறுத்து ஆடும், குளோரைடு பத்து மடங்கு கொறஞ்சா சுமாரா 59 மில்லிவோல்ட் நகரும். கடியப்பட்டணம், தேங்காப்பட்டணம் பக்கம் கடலோர கிணறுகள்ல உப்பு ஜாஸ்தி, திற்பரப்பு பேச்சிப்பாறை பக்கம் மழை கழுவி கழுவி குளோரைடு ரொம்ப கம்மி. லிட்டருக்கு 10 மில்லிகிராம் குளோரைடு உள்ள தண்ணில, 0.1 மோலார் பொட்டாசியம் குளோரைடுல பழகுன பட்டைய அப்படியே விட்டா ஈயத்தோட மேடு சுமாரா 150 மில்லிவோல்ட் மைனஸ் பக்கம் போய் மைனஸ் 0.7ல வந்து நிக்கும். கேட்மியத்துக்கு பக்கத்துல. விவரம் தெரியாம ஸ்கிரீன மட்டும் பாத்தா இந்த ஊர் முழுக்க கேட்மியம்னு ஒரு பீதிய கெளப்பி விட்டுரலாம். அதனால பஃபரோட எப்பவும் பொட்டாசியம் குளோரைடு சேத்துதான் போடணும், அதுக்கு அப்புறமும் தெரிஞ்ச அளவு ஈயத்த ரெண்டு சொட்டு விட்டு அதே மேடுதான் ஒசருதான்னு பாக்கணும். ஒரே பட்டைய மலையோரத்துக்கும் கடலோரத்துக்கும் தூக்கிட்டு போற யாரும் இத விட்டுடவே கூடாது.

சாம்பிள் எடுக்குறதுக்கு முன்னாடி வீட்ல ஒண்ணே ஒண்ணு கேட்டுகிட்டோம், ராத்திரி எல்லாரும் படுத்த பிறகு காலைல நாங்க வர்ற வரைக்கும் ஒரு டேப்பையும் தொறக்காதீங்கன்னு. பாட்டிக்குதான் கஷ்டம், அவங்க அஞ்சு மணிக்கே எந்திரிச்சு அடுப்பு பத்த வைக்கிற ஆளு. அவங்க சொன்ன ஒரு விஷயம்தான் இந்த மொத்த கதையோட முடிச்சு. “மக்களே, நான் காலம்பற எந்திச்சதும் முதல்ல பிள்ளைக்க குறுக்குக்குத்தான் வெள்ளம் பிடிப்பேன். ராத்திரி முழுக்க அனங்காம கெடந்த வெள்ளம் நல்லா தெளிஞ்சிருக்கும்லா.” குறுக்குன்னா கொழந்தைக்கு குடுக்குற கூழு: ஏத்தங்காய் பொடி, கருப்பட்டி, அந்த முதல் தண்ணி. அத கிண்டி கிண்டி வத்த விடுவாங்க. கொதிக்க வச்சா கிருமி சாகும், ஈயம் எங்கயும் போகாது, தண்ணி வத்த வத்த அடர்த்திதான் கூடும்.

பாட்டில் எல்லாம் முன்னாடியே நைட்ரிக் அமிலத்துல ஊற வச்சு சுத்தமான தண்ணில கழுவுனது, அதுல ஒரு பாட்டில் நிறைய எங்க லேப் தண்ணிய ஊத்தி கூடவே கொண்டு போனோம், பாட்டில்ல இருந்தே ஈயம் வருதான்னு தெரியணும்ல. கிணத்துல வாளி விட்டு கோருனது, மாடி டேங்க்ல மொண்டது, கிச்சன் டேப்புல மொத 250 மில்லி, ரெண்டாவது 250 மில்லி, அஞ்சு நிமிஷம் ஓட விட்டு ஒண்ணு, குளிமுறில உள்ள பிளாஸ்டிக் டேப்புல மொத 250 மில்லி. நம்ம குடிதண்ணி தரம் ஐஎஸ் 10500:2012, அதுல ஈயத்துக்கு வரம்பு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம், இதுல சலுகையே கிடையாது. கிணறு 1க்கும் கீழ. டேங்க்கும் அப்படித்தான். கிச்சன் டேப் மொத 250 மில்லில 41. ரெண்டாவதுல 14. அஞ்சு நிமிஷம் கழிச்சு 2. குளிமுறி பிளாஸ்டிக் டேப்புல 3.

அரை இஞ்சு பைப்புல 250 மில்லி தண்ணின்னா சுமாரா ஒண்ணேகால்ல இருந்து ஒண்ணரை மீட்டர் நீளம்தான் வரும். அப்போ ஈயம் உள்ள எடம் டேப்பு வாய்ல இருந்து ஒண்ணரை மீட்டருக்குள்ள இருக்கு. அந்த தூரத்துல இருந்தது ஒரு பித்தளை டேப்பு, சுவத்துக்குள்ள ஒரு பித்தளை எல்போ (பைப்ப திருப்புற வளைவு மூட்டு), மிச்சம் வெறும் பிளாஸ்டிக் பைப்பு. பிவிசி பைப்பு மேலயும் ஒரு சந்தேகம் வரத்தான் செய்யும், பழைய பைப்புகள்ல ஈயம் கலந்த ஸ்டெபிலைசர் போடுறது வழக்கமா இருந்துச்சு, 2021ல தான் அத எடுக்கணும்னு மத்திய அரசு விதி கொண்டு வந்தாங்க. ஆனா இங்க குளிமுறிக்கு போறதும் அதே பைப்புதான், அங்க 3தான் வந்துச்சு.

41ங்கற நம்பர் எப்படி வந்துச்சுன்னு கொஞ்சம் விளக்கணும், ஏன்னா இங்கதான் நெறைய சென்சார் கவுந்து போகுது. மொத சாம்பிள்ல ஈயத்தோட மேடு 4.1 மைக்ரோஆம்பியர். எங்க லேப்புல சுத்தமான தண்ணில போட்டு வச்சிருந்த கணக்குப்படி 20 மைக்ரோகிராமுக்கு 5 மைக்ரோஆம்பியர் வரணும், அத வச்சு பாத்தா இது 16தான். அத அப்படியே எழுதிட்டு வந்திருந்தா வரம்புக்கு கொஞ்சம் மேலன்னு ஒரு சாதாரண கேஸா போயிருக்கும். நாங்க எப்பவும் பண்ற மாதிரி அதே பீக்கர்லயே தெரிஞ்ச அளவு ஈயத்த, லிட்டருக்கு 20 மைக்ரோகிராம் கூடுற மாதிரி விட்டோம், மேடு 4.1ல இருந்து 6.1க்குதான் போச்சு. 5 ஏற வேண்டிய எடத்துல 2தான் ஏறுது. அதாவது இந்த தண்ணில வேற என்னவோ ஒண்ணு ஈயத்த எலக்ட்ரோடு மேல படிய விடாம எடத்த புடிச்சுக்குது, அதே பீக்கருக்குள்ள கணக்கு போட்டா உண்மையான அளவு 41. கூட்டி பாக்குற முறைன்னு இத சொல்வோம், இது பண்ணாத ரீடிங்க நான் ரீடிங்னே எடுத்துக்க மாட்டேன்.

அந்த என்னவோ ஒண்ணு செம்பு. பிஸ்மத் படலத்துக்கு செம்பு பரம எதிரி, படியிற எடத்துல போட்டி போட்டு ஈயத்தோட மேட்ட அமுக்கிடும், செம்போட சொந்த மேடும் பிஸ்மத் கரையிற எடத்துலயே வந்து மறைஞ்சுக்கும். பொட்டாசியம் ஃபெரோசயனைடு கொஞ்சம் சேத்தா செம்ப அது கட்டி வச்சுக்கும். சேத்தோம், இப்போ அதே 20 மைக்ரோகிராமுக்கு 4.6 ஏறுச்சு, கணக்கு போட்டா மறுபடி 40 பக்கத்துலயே வந்து நின்னுச்சு. அப்போதான் மனசு நிம்மதியாச்சு.

செம்ப தொந்தரவுன்னு தள்ளிட்டு போயிருக்கலாம், ஆனா எனக்கு இந்த கேஸ்லயே ரொம்ப புடிச்ச பகுதி இதுதான், தொந்தரவு பண்ணதே சாட்சியும் சொல்லிச்சு. பிஸ்மத் இல்லாத வெறும் கார்பன் பட்டைல செம்ப தனியா பாத்தோம், துத்தநாகத்த வேற ஒரு ஓட்டத்துல இன்னும் மைனஸ் வோல்டேஜ் குடுத்து பாத்தோம் (செம்பும் துத்தநாகமும் எலக்ட்ரோடு மேல ஒண்ணோட ஒண்ணு கலந்துக்கும், அதனால துத்தநாக அளவ நான் நம்பராவே சொல்ல மாட்டேன், இருக்கா இல்லையாங்கறது மட்டும்தான்). மொத 250 மில்லில செம்பும் துத்தநாகமும் நல்லா தூக்கி நின்னுச்சு, கிணத்து வாளில ரெண்டும் பேருக்குதான். செம்பு, துத்தநாகம், கூட கொஞ்சம் ஈயம், இந்த மூணும் சேந்து வந்தா அது பித்தளையோட கையெழுத்து. பித்தளைய லேத்துல சுலபமா கடையறதுக்காக ரெண்டு மூணு சதவீதம் ஈயம் சேப்பாங்க, அந்த ஈயம் பித்தளைக்குள்ள கலக்காம சின்ன சின்ன துளியா அங்கங்க ஒதுங்கி கெடக்கும், தண்ணி பட்ட எடத்துல இருந்து அது கரைஞ்சு வரும்.

ரப்பர் மரத்துக்கு மழைக்கு முன்னாடி இலை உதிராம இருக்க செம்பு ஆக்சிகுளோரைடு மருந்து அடிப்பாங்க, அதுதான் கிணத்துல எறங்கிருக்கும்னு பக்கத்து விளைக்காரர் ஒருத்தர் சொன்னார், நல்ல சந்தேகம்தான், ஆனா அப்படின்னா கிணத்துல செம்பு இருக்கணும், இல்ல. பேட்டரி பட்டறைன்னா கிணத்துல ஈயமும் கூட அமிலத்தோட சல்ஃபேட்டும் ஏறி இருக்கணும், சல்ஃபேட்டும் கம்மியாதான் இருந்துச்சு. செம்மண்ல உள்ள இரும்பு ஆக்சைடு ஈயத்த இறுக்கி புடிச்சுக்கும், கீழ தண்ணிக்கு அவ்வளவு சீக்கிரம் விடாது. இன்னொருத்தர் மணவாளக்குறிச்சி மணல்னு ஆரம்பிச்சார், அது கடலோரம், அதுல பேசப்படுறது மோனசைட்ங்கற கனிமத்துல உள்ள தோரியம், தோரியத்த இந்த முறைல பாக்கவே முடியாது, அது உலோகமா படியிற வோல்டேஜுக்கு போறதுக்குள்ள தண்ணியே பிரிஞ்சு ஹைட்ரஜன் வந்துரும்.

பித்தளை டேப்பு எல்லா வீட்லயும்தான இருக்கு, இங்க மட்டும் ஏன் இப்படின்னா கிணத்து தண்ணிதான் காரணம். பிஎச் 5.6. செம்பாறை கிணத்துல இது ஒண்ணும் அதிசயம் இல்ல, சுண்ணாம்புச்சத்து இல்லாத மென்மையான தண்ணி, குடிக்க நல்லா இருக்கும், துணி நல்லா நுரைக்கும், ஆனா உலோகத்த அரிக்கும். கடின தண்ணியா இருந்தா பைப்புக்குள்ள ஒரு படிவம் படிஞ்சு அதுவே கவசமா இருக்கும், இங்க அது வரவே வராது. கூட அந்த டேப்பு போன வருஷம்தான் மாத்துனது, புது பித்தளைல ஈயம் ஆரம்பத்துல ஜாஸ்தியா வரும்.

மொத சாம்பிள பாதியா பிரிச்சு நைட்ரிக் அமிலம் விட்டு ஒரு நாள் வச்சிருந்து சென்சார்லயும் பாத்தோம், திருவனந்தபுரத்துல ஒரு லேப்புக்கும் அனுப்புனோம். சென்சார் 47, லேப்போட ஃபர்னஸ் ஏஏஎஸ் 49. திண்ணைல வந்த 41க்கும் இதுக்கும் உள்ள வித்தியாசம் சென்சார் கோளாறு இல்ல, தண்ணில துகளாவும் துருவோட ஒட்டிகிட்டும் கெடக்குற ஈயம் அமிலம் விடாம எலக்ட்ரோடு கண்ணுக்கு தெரியாது. ஒடம்புக்குள்ள வயித்து அமிலத்துல அதுவும் கரையும், அதனால அமிலம் விட்டு பாத்த நம்பர்தான் ஆரோக்கியத்துக்கு கணக்கு. சென்சார் விக்கிறவங்க எந்த நம்பர காட்டுறாங்கன்னு கேட்டு வாங்குங்க. அதே மாதிரி ஒரே பட்டைல ஆர்செனிக், பாதரசம், ஈயம் எல்லாம் பாக்கலாம்னு சொன்னா யோசிங்க, ஆர்செனிக்குக்கும் பாதரசத்துக்கும் தங்க எலக்ட்ரோடு வேணும், வேற அமிலம், வேற ஓட்டம்.

வீட்ல பண்ணது சிம்பிள். அன்னைல இருந்தே பிள்ளைக்கு உள்ளதும் சமையலுக்கு உள்ளதும் கிணத்துல கோருன தண்ணி. யூவி ஃபில்டர் ஒண்ணு வாங்கலாமான்னு கேட்டாங்க, அது கிருமிக்குதான், ஈயத்துக்கு ஒண்ணும் பண்ணாது, ஆர்ஓ எடுக்கும் ஆனா ஈயத்துக்காக இந்த கிணத்துக்கு அது தேவையே இல்ல, ஈயத்த பொறுத்தவரைக்கும் கிணறு சுத்தமாதான் இருக்கு. பித்தளை டேப்பையும் எல்போவையும் கழட்டி பிளாஸ்டிக் போட்டாச்சு, மறுபடி ராத்திரி பூட்டி வச்சு காலைல மொத 250 மில்லி பாத்தா 2. டேங்குக்கு முன்னாடி கால்சைட்ங்கற சுண்ணாம்பு கல்லு ஃபில்டர் வச்சு பிஎச்ச கொஞ்சம் ஏத்தலாம்னு சொல்லிருக்கோம். மூணு மாசம் கழிச்சு பொண்ணுக்கு ரத்தத்துல ஈயம் 6. இதுல முழுசும் தண்ணிதான்னு சொல்ல மாட்டேன், நடுவுல இரும்புச்சத்தும் ஏறிருக்கு, அது ஏறுனாலே ஈயம் உறிஞ்சுறது கொறையும். டாக்டர் இன்னும் பாத்துகிட்டுதான் இருக்கார்.

பேட்டரி பட்டறைய இது விடுதலை பண்ணிடுச்சுன்னு யாரும் நெனைச்சுறாதீங்க. கிணத்துக்கு அது வரலன்னுதான் காட்டிருக்கோம். அந்த எடத்து மண்ணு தனி கேள்வி, செம்மண் ஈயத்த இறுக்கி புடிச்சுக்கும்னு மேல சொன்னேனே, அதே காரணத்தால மேல் மண்ணுலயே அது வருஷ கணக்குல கெடக்கும், வெயில் காலத்துல தூசியா கெளம்பும், அங்க வெளையாடுற பிள்ளைங்க கைல ஒட்டும். மண்ண அமிலத்துல கரைச்சு இதே முறைல பாக்கலாம், அதுக்கு அளந்து கட்டம் போட்டு சாம்பிள் எடுக்கணும், அந்த வேலைக்கு பஞ்சாயத்துல அனுமதி கேட்டிருக்கோம். அதுக்கு முன்னாடி பக்கத்து பள்ளிக்கூடத்துல பாக்க ஹெட்மாஸ்டர் சம்மதிச்சுட்டார், அங்கயும் செம்பாறை கிணறு, அங்கயும் வரிசையா பித்தளை டேப்பு, வெள்ளிக்கிழமை சாயங்காலம் பூட்டுனா திங்கக்கிழமை காலைல வரைக்கும் தண்ணி பைப்புலயே கெடக்குது, அதனால பிள்ளைங்க வர்றதுக்கு முன்னாடி திங்கக்கிழமை காலைல ஒவ்வொரு டேப்புலயும் மொத 250 மில்லிய புடிக்கப்போறோம்.